சந்திரமண்டலம் அக்காவின் கறுப்புப் பை

ஏழாலையில் பஸ்ஸால் இறங்கி, தபாற்கந்தோரில் வேலை பார்த்த மகாதேவி அக்காவின் வீடு எது என்று கேட்டுப் பாருங்கள். கேட்டவரை மேலும் கீழும் ஒருமுறை பார்ப்பார்கள்.

"ஆர், எங்கடை சந்திரமண்டலம் அக்காவோ? நேரை போய் வைரவர் கோயிலடி ஒழுங்கையாலை திரும்புங்கோ. பச்சைக் கேற். படம் பாக்க வந்தனீங்கள் எண்டால் பின்னேரம்வரைக்கும் எழும்ப விடமாட்டா, சாப்பிட்டிட்டுப் போங்கோ."

அந்தப் பட்டப்பெயரில் கேலி பாதி, பெருமை பாதி. ஊரில் வேறு யாரிடமும் இல்லாத சொத்து ஒன்று மகாதேவியிடம் இருந்தது. விண்வெளிக்குப் போய் வந்த அறுபத்து மூன்று பேரின் படங்கள், அவரவர் கையெழுத்தோடு. அத்தனையும் தபாலில் வந்தவை. அத்தனைக்கும் அவளே கடிதம் எழுதி, மாதக் கணக்கில் வாசலைப் பார்த்திருந்து வாங்கியவை.

தொடங்கியது 1969ஆம் ஆண்டு ஆடி மாதத்தில். அப்போது அவளுக்குப் பதினைந்து வயது. மிஷன் பள்ளிக்கூடத்து மண்டபத்தில் மேல்வகுப்புப் பிள்ளைகளை வெறும் நிலத்தில் இருத்தி, மேசைமேல் ஒரு வானொலிப் பெட்டியை வைத்து, மனிதன் சந்திரனில் கால் வைத்த செய்தியைக் கேட்க வைத்தார்கள். பாதி இரைச்சல், பாதி இங்கிலீஷ். பக்கத்தில் இருந்தவள், "இனி ஆரடி சந்திரனைக் கும்பிடப் போகினம்?" என்று கவலைப்பட்டாள். மகாதேவிக்கு வேறு கவலை. மற்ற இருவரும் இறங்கிவிட, மேலே ஒருவர் தனியாகச் சுற்றிக்கொண்டிருந்தாராமே, அந்த மனுசனுக்குச் சாப்பாடு இறங்கியிருக்குமா?

அன்று பின்னேரமே இங்கிலீஷ் கொப்பியின் நடுத்தாளைக் கழற்றி, "மதிப்புக்குரிய ஐயா" என்று எழுதத் தொடங்கினாள். விலாசம் தெரியாததால் "விண்வெளி வீரர், அமெரிக்கா" என்று மட்டும் உறையில் எழுதினாள். பதில் வரவில்லை. நூலகத்துச் சஞ்சிகை ஒன்றில் சரியான விலாசத்தைப் பிடித்து, இரண்டு வருஷம் விடாமல் எழுதியதில் ஐந்தாவது கடிதத்துக்குப் பதில் வந்தது. தபால்காரர் ஒழுங்கை முழுக்கச் சைக்கிள் மணியை அடித்துக்கொண்டு வந்தார். பெரிய உறைக்குள் வெள்ளை உடுப்போடு ஒரு மனிதர் சிரித்துக்கொண்டிருந்தார். அவர் நெஞ்சுக்குக் குறுக்கே நீல மையில் ஒரு கையெழுத்து. அந்தக் கடதாசியின் வாசனையை மகாதேவி இன்றைக்கும் சொல்லுவாள்: புதுப் பாடப்புத்தகத்தின் வாசனை, அதோடு கொஞ்சம் குளிர்.

இருபத்திரண்டு வயதில் தபாற்கந்தோர் வேலை கிடைத்தபோது, ஊரே சொன்னது: பூனையைப் பாற்சட்டிக்குக் காவல் வைத்த கதையென்று. உண்மைதான். எந்த நாட்டுக்கு எத்தனை நாள், எந்த உறைக்கு எவ்வளவு முத்திரை என்பதெல்லாம் அவளுக்கு விரல்நுனியில். பதில் எழுதுகிறவருக்குச் செலவு வரக்கூடாது என்று ஒவ்வொரு கடிதத்தோடும் சர்வதேச மறுமொழிக் கூப்பன் ஒன்றை மடித்து வைப்பாள். சிவப்பு மட்டைக் கொப்பி ஒன்றில் ஆளுக்கொரு பக்கம். எங்கே பிறந்தார், எந்த விமானம் ஓட்டினார், எத்தனைமுறை மேலே போனார், பூமியை எத்தனைதரம் சுற்றினார், ஓய்வுபெற்ற பிறகு என்ன செய்கிறார். ஒருவர் பாதிரியானார், ஒருவர் திராட்சைத் தோட்டம் போட்டார். யாராவது இறந்துபோனால் அந்தப் பக்கத்தின் மேல்மூலையில் சின்னதாக ஒரு விளக்கு வரைவாள்.

1981இல் கதிரவேலுவைக் கட்டினாள். செம்மண் தோட்டத்தில் வெங்காயமும் புகையிலையும் செய்கிறவர், வானத்தை மழைக்காக மட்டுமே பார்க்கிற மனிதர்.

"நான் வெங்காயம் நட்டால் வெங்காயம் வரும். நீர் கடிதம் நட்டால் என்ன வரும்?" என்று கேட்பார்.

"வெள்ளைக்காரன் வருவான்," என்பாள் மகாதேவி. "பொறுங்கோ, ஒரு நாளைக்கு உங்கடை தோட்டத்துக்குள்ளை வந்து இறங்குவான்."

"வாறவன் ரண்டு பாத்திக்குத் தண்ணி கட்டிப்போட்டுப் போகச் சொல்லும்."

இப்படிச் சிரித்த வீடுதான் அது! 1984 மாசியில் அந்தச் சிரிப்புக்கு ஒரு பெயர் வந்தது: உதயகலா. ஒரு வயது நிறைந்த அன்று, வெள்ளைச் சட்டை போட்டு, கன்னத்தில் கறுப்புப் பொட்டு வைத்து, யாழ்ப்பாணம் கொண்டுபோய் ஸ்ரூடியோவில் படம் எடுத்தார்கள். படம் பிடிப்பவர் கிலுகிலுப்பையை ஆட்ட, பிள்ளை அவரை விட்டுவிட்டு மேலே வெளிச்சத்தைப் பார்த்தது. வாய் திறந்து, கண் விரிந்து, யாரோ அங்கிருந்து கூப்பிட்டதுபோல. மூன்று பிரதி வாங்கினார்கள்.

அந்த நாட்களில்தான் ஹரல்ட் பென்விக் என்ற விண்வெளி வீரரின் கடிதம் வந்தது. முதல் பயணம் முடித்து வந்திருந்தவர். எல்லோரும் படத்தை மட்டும் அனுப்புவார்கள். இவர் ஒரு பக்கம் நிறைய எழுதியிருந்தார். 'உங்கள் குடாநாட்டைப் பார்த்தேனா என்று கேட்டிருந்தீர்கள். பார்த்தேன். தீவின் தலையில் கிழிந்த வாழையிலை ஒன்றைப் போர்த்தியதுபோல இருந்தது. அதன் பெயரைச் சொல்லி முடிக்குமுன் கடந்துவிட்டோம். உங்களுக்கு ஒரு மகள் என்று எழுதியிருந்தீர்கள். எனக்கும் ஒருத்தி, மார்கரெட், இரண்டு வயது. உங்கள் மகளின் பெயர் என்ன?'

மகாதேவிக்குத் தலைகால் தெரியவில்லை. மூன்று படங்களில் ஒன்றை எடுத்து, பின்பக்கம் பெயர் எழுதி, அன்றைக்கே அனுப்பிவிட்டாள். கதிரவேலுவுக்குச் சொல்லவில்லை. சொன்னால் விடமாட்டார் என்று அவளுக்குத் தெரியும். பிள்ளைக்குக் கண்ணூறு, நாவூறு பட்டுவிடும் என்று பக்கத்து வீட்டுக்குக்கூட வடிவாக உடுத்திக் கொண்டுபோக விடாத மனிதர். முகம் தெரியாத ஒருவன் வீட்டுக்குப் படம் அனுப்புவதற்கு எப்படிச் சம்மதிப்பார்? மற்றப் படம் எங்கே என்று ஒருநாள் கேட்டபோது, மழைத்தண்ணீர் பட்டு ஊறிக் கெட்டுவிட்டதாகச் சொன்னாள்.

ஏழு மாதம் கழித்து, ஐப்பசி அடைமழையில், உதயகலாவுக்கு மூளைக்காய்ச்சல் வந்தது. ஊரடங்கு. வாகனம் இல்லை. கதிரவேலு பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குச் சைக்கிள் மிதித்தார். மூன்றாம் நாள் அதே சைக்கிளில் திரும்பி வந்தார். தோளில் துவாய் மட்டும் இருந்தது.

"ஆற்றை கண்ணோ பட்டிட்டுது," என்றுதான் அந்த மனிதர் அழுதார். துக்கம் காத்த முப்பத்தொரு நாளும் அதையே சொல்லி அழுதார். மகாதேவி சுவரில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அந்தச் சொல் ஒவ்வொருமுறையும் அவள் நெஞ்சில்தான் வந்து இறங்கியது. படத்தை அனுப்பியவள் அவளல்லவா! அதற்குப் பிறகு அவர்களுக்குப் பிள்ளையும் பிறக்கவில்லை. அவள் பென்விக்குக்கு எழுதவும் இல்லை. 1990 சித்திரையில் அவர் இரண்டாம் முறை விண்வெளிக்குப் போன செய்தியை வானொலியில் கேட்டு, கொப்பியில் ஒரு வரி எழுதினாள். அவ்வளவுதான்.

அடுத்தது 1995, போரால் வந்த இடப்பெயர்வு. அந்த நாட்களில் வீட்டுக்கு வீடு கதவடி ஆணியில் ஒரு பை தொங்கும். காணி உறுதி, பிறப்புப் பத்திரம், படங்கள், எல்லாம் அதற்குள். ஓடு என்றால் அதைக் கழற்றிக்கொண்டு ஓடவேண்டும். மகாதேவி வீட்டு ஆணியில் இரண்டு பைகள், ஒரே கடையில் வாங்கிய கறுப்பு றெக்சின் பைகள். ஒன்றில் உறுதிகளும் கல்யாண அல்பமும் உதயகலாவின் இரண்டு படங்களும். மற்றதில் விண்வெளி வீரர்கள்.

ஊர் முழுக்க மழைக்குள் நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்தது. மகாதேவி தலையில் பாத்திரச் சாக்கு. கதிரவேலு அரிசி மூட்டை கட்டிய சைக்கிளை உருட்டினார். சனநெரிசலில் ஒருவரை ஒருவர் தவறவிட்டு, மறுநாள் கொடிகாமத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கண்டுபிடித்தார்கள். சைக்கிளில் கறுப்புப் பைகளில் ஒன்றுதான் இருந்தது. திறந்தாள். உள்ளேயிருந்து வெள்ளைக்காரர்கள் சிரித்தார்கள்.

"ஆணியிலை ஒண்டுதான் கிடந்தது," என்றார் கதிரவேலு.

புறப்பட முதல்நாள் உறுதியொன்றைப் பார்க்க மற்றப் பையை எடுத்தது மகாதேவிக்கு ஞாபகம் வந்தது. அலுமாரிக்குள்ளேயே விட்டுவிட்டேனோ? அதற்குமேல் கேட்க அவளுக்குத் துணிவில்லை. திரும்பி வந்தபோது வீடும் இல்லை, அலுமாரியும் இல்லை. உறுதிக்குப் பிரதி எடுத்தார்கள். பிறப்புப் பத்திரத்துக்குப் பிரதி எடுத்தார்கள். முகத்துக்கு எந்தக் கந்தோரில் பிரதி எடுப்பது? ஸ்ரூடியோ இருந்த இடத்தில் இப்போது போன் கடை. பத்து வருஷம் போக, பிள்ளையின் மூக்கு எப்படி இருந்தது என்பது மறந்தது. இருபது வருஷம் போக, அந்த விரிந்த கண்களும் மங்கத் தொடங்கின. பென்விக்கிடம் ஒருநாள் கேட்டுவிடலாம் என்று எத்தனையோ தரம் பேனையை எடுத்தாள். அங்கே ஒரு பிரதி இருக்கக்கூடும். ஆனால் அது வந்து சேர்ந்தால், எப்படி வந்தது என்று கதிரவேலுவுக்குச் சொல்லவேண்டும்! பேனை மூடியபடியே கிடந்தது.

இப்படிக் கிடந்த கதையைக் கிளறிவிட்டவள் றொசாந்தி. கதிரவேலுவின் தங்கை மகள், கனடாவில் ஒரு வங்கியில் கையெழுத்துச் சரிபார்க்கிற வேலை, நாற்பது வயதைத் தாண்டியவள். நல்லூர்த் திருவிழாவுக்கு வந்து இரண்டு கிழமை அவர்கள் வீட்டில் நின்றாள். ஒரு மத்தியானம் படங்களைப் பாய் முழுக்கப் பரப்பிப் பார்த்துக்கொண்டிருந்தவளின் முகம் மாறியது.

"மாமி, கோவிக்கமாட்டியளே?"

"என்ன, கறையான் அரிச்சிட்டுதோ?"

"இந்த ரண்டும் ஒரே ஆளின்ரை. ஒண்டு எழுபத்தெட்டிலை வந்தது, மற்றது எண்பத்திரண்டிலை. இஞ்சை பாருங்கோ." போனில் இரண்டையும் படம் பிடித்து, ஒன்றன்மேல் ஒன்றைப் போட்டுக் காட்டினாள். ஒரு மயிரிழைகூட விலகவில்லை. "ஒரு மனுசர் ரண்டுதரம் போட்ட கையெழுத்து ஒருநாளும் ஒண்டுபோலை இராது மாமி. உது மெஷின். ஒருக்காக் கையெழுத்தைப் பழக்கி விட்டால், பேனையைப் பிடிச்சு ஆயிரம் படத்திலை தானே போட்டுக்கொண்டிருக்கும். அவையளுக்கு மூட்டை மூட்டையாக் கடிதம் வரும். என்ன செய்யிறது?"

மகாதேவி இன்னொரு சோடியை எடுத்துக் கொடுத்தாள். அதுவும் அப்படித்தான். இன்னொன்று. அதுவும்!

"அப்ப, எனக்கெண்டு ஒருத்தரும் கையெழுத்துப் போடேல்லை."

"அப்பிடியில்லை மாமி, எல்லாத்தையும் சொல்லேலாது..."

"ஒரு மெஷின் கிறுக்கினதைக் காவிக்கொண்டு ஓடினன், றொசாந்தி. என்ரை பிள்ளையின்ரை முகத்தை விட்டிட்டு ஓடினன்."

ஐம்பது வருஷமாகத் தூசி துடைத்து வைத்த படங்கள் அன்று முழுக்கப் பாயிலேயே கிடந்தன. அடுத்தநாள் காலை றொசாந்தி அவற்றை அடுக்கும்போது, பையின் அடியில் மடித்திருந்த பென்விக்கின் கடிதம் கையில் பட்டது. வாசித்தாள். திரும்பவும் வாசித்தாள்.

"மாமி! இது கையாலை எழுதினது. வெட்டியிருக்கிறார், மை கசிஞ்சிருக்கு. உதை மெஷின் எழுதாது. மகளின்ரை பேர் கேட்டிருக்கிறாரே, மறுமொழி போட்டனீங்களோ?"

மகாதேவி கிணற்றடிப் பக்கம் எட்டிப் பார்த்தாள். கதிரவேலு இல்லை. முப்பத்தொன்பது வருஷம் யாருக்கும் சொல்லாததைக் குரலைத் தாழ்த்திச் சொல்லி முடித்தாள்.

றொசாந்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு போனில் தேடினாள். பென்விக் மூன்று வருஷத்துக்கு முன் காலமாகியிருந்தார். மகள் மார்கரெட் இருந்தாள். அப்பாவின் பொருட்களைப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்டுகிற சின்னக் காட்சிச்சாலை ஒன்றை நடத்துகிறாளாம். விலாசமும் இருந்தது.

"இப்பவே எழுதுவம் மாமி. மாமாவுக்குப் பிறகு சொல்லலாம்."

"இல்லைப் பிள்ளை. திருட்டுத்தனமா அனுப்பினதை இன்னொருக்காத் திருட்டுத்தனமா எடுக்கேலாது." மகாதேவி எழுந்து செருப்பைப் போட்டாள். "ஆற்றை கண் எண்டு அழுதவர். நான்தான் எண்டு தெரிஞ்சால் என்ரை கையாலை தண்ணியும் குடிக்கமாட்டார். தெரியட்டும். என்ரை பிள்ளை என்னட்டை வரவேணும்."

தோட்டத்தில் தண்ணீர் பம்ப் இரைந்துகொண்டிருந்தது. கதிரவேலு மண்வெட்டியோடு பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்தார். வரம்பில் நின்றபடியே மகாதேவி எல்லாவற்றையும் சொன்னாள். பம்ப் இரைச்சலில் பாதி கேட்டதோ என்னவோ. அவர் போய் அதை நிறுத்திவிட்டு வந்து, "திருப்பிச் சொல்லும்," என்றார். திருப்பிச் சொன்னாள். அதுதான் கொடுமை! ஒரே பாவத்தை ஒரே காலையில் இரண்டுதரம் வாயால் சொல்லவேண்டி வந்தது.

கதிரவேலு மண்வெட்டிப் பிடியில் கன்னத்தை வைத்துக்கொண்டு நின்றார்.

"அப்ப ஒரு படம் தப்பிக் கிடக்குது," என்றார் கடைசியில்.

"உங்களுக்குக் கோவமில்லையே?"

"ஆர் ஆரைக் கோவிக்கிறது? மகாதேவி, நான் ஒண்டு சொல்லுவன், மண்ணை அள்ளி எறிஞ்சாலும் எறியும். அண்டைக்கு ஆணியிலை ரண்டு பையும் கிடந்தது. ரண்டையும் கழட்டிச் சைக்கிள் காண்டிலிலை கொழுவிக்கொண்டுதான் வந்தனான். பாலத்தடியிலை சனம் நெரிக்குது, சைக்கிள் சரியுது. அரிசியை விடேலாது. ஒரு பையை விடத்தான் வேணும். உம்மடை வெள்ளைக்காரரை விடுவம் எண்டு நினைச்சன். பாரத்துக்காக மட்டுமில்லை. எரிச்சல். நீர் என்னைப் பாக்கிறதை விட உவங்களைப் பாத்தது கூட எண்டு ஒரு எரிச்சல். மழைக்குள்ளை தடவிப்பாத்து, உதுதான் எண்டு நினைச்சு, தண்ணிக்குள்ளை எறிஞ்சன்." அவர் மண்வெட்டியைக் கீழே போட்டார். "கொடிகாமத்திலை நீர் திறக்கேக்கைதான் எனக்கும் தெரியும். என்ரை பிள்ளையை என்ரை கையாலை கடலிலை போட்டன்."

இருபத்தொன்பது வருஷம், தான் மறந்துபோய் விட்டு வந்தேன் என்று தன்னைத்தானே தின்றவள் மகாதேவி! அவள் கத்தியிருக்கலாம். உண்மையாகவே குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்தாள். ஈரச் செம்மண். கொஞ்ச நேரம் கைக்குள் வைத்துப் பிசைந்துகொண்டு நின்றாள். பிறகு அதை வரம்பில் வைத்து, அவருடைய தோளைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பக்கத்துத் தோட்டத்துக்காரன் பார்க்கிறானே என்றும் அவர்கள் யோசிக்கவில்லை.

றொசாந்தி அன்றைக்கே எழுதி அனுப்பினாள். மறுமொழி இல்லை. அவள் கனடாவுக்குத் திரும்பியும் போய்விட்டாள். மகாதேவி பதினைந்து வயதுப் பெட்டைபோல மறுபடியும் வாசலைப் பார்க்கத் தொடங்கினாள். இந்தமுறை அவளுக்குப் பக்கத்தில் இன்னொரு கதிரை போடப்பட்டிருந்தது.

"தபால்காரன் போட்டானோ?"

"இன்னும் பத்து மணி ஆகேல்லை. போய் வெங்காயத்தைப் பாருங்கோ."

"வெங்காயம் எங்கையும் ஓடாது."

கார்த்திகை மாதம், ஒரு தூறல் காலையில், தபால்காரரின் மோட்டார் சைக்கிள் கேற்றடியில் நின்றது. பெரிய உறை. கதிரவேலு கையெழுத்துப் போட்டு வாங்கி, பிரிக்காமல் மகாதேவியின் மடியில் வைத்தார்.

மேலே மார்கரெட்டின் கடிதம். அதன்கீழ் ஒரு பழைய உறை, 1990 வைகாசி முத்திரையோடு, 'யாழ்ப்பாணத்துக்குத் தபால் சேவை இல்லை' என்று திருப்பி அனுப்பப்பட்டது. மகாதேவியின் விலாசம் அவளுக்கே தெரிந்த ஒரு கையெழுத்தில் இருந்தது. மார்கரெட் எழுதியிருந்தாள்: 'விண்வெளிக்குப் போகிறவர்கள் தங்களுக்கு விருப்பமான சில சின்னப் பொருட்களைக் கூடவே கொண்டுபோகலாம். அப்பா தன் இரண்டாம் பயணத்தில் கொண்டுபோனவற்றின் பட்டியலை இத்தோடு வைத்திருக்கிறேன். அம்மாவின் மோதிரம், என் பால்பல், இன்னும் சில. ஒன்பதாவதைப் பாருங்கள். திரும்பி வந்த உறையை அவர் எறியவேயில்லை. ஒருநாள் வழி திறக்கும் என்பார்.'

பட்டியலில் ஒன்பதாவது: 'உதயகலாவின் படம், யாழ்ப்பாணம்.'

மகாதேவி உறைக்குள் விரலை விட்டாள். வெள்ளைச் சட்டை. கன்னத்தில் கறுப்புப் பொட்டு. மேலே பார்த்த விரிந்த கண்கள். மூக்கு, ஓம், அந்த மூக்கு, கதிரவேலுவின் அதே மூக்கு!

"என்ரை அம்மாளாச்சி," என்றார் கதிரவேலு.

பின்பக்கம் மகாதேவியின் இளவயது எழுத்து: உதயகலா, ஒரு வயது. அதன்கீழ் நீல மையில்: 'உங்கள் மகள் என்னோடு பூமியை நூற்று நாற்பத்துநான்கு தரம் சுற்றி வந்தாள். உங்கள் ஊரைக் கடக்கும்போதெல்லாம் அவளை யன்னலில் வைத்தேன்.' பிறகு கையெழுத்து.

பிள்ளை இறந்தது அவருக்குத் தெரியாது. அவரைப் பொறுத்தவரை அவள் ஏழாலையில் ஆறு வயதுப் பிள்ளையாகப் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். மகாதேவி பழைய கடிதத்தை எடுத்து இரண்டு கையெழுத்துகளையும் பக்கத்தில் வைத்தாள். முதலாவதில் கடைசி எழுத்தின் வால் நீண்டிருந்தது; இரண்டாவதில் அவசரத்தில் சுருண்டிருந்தது. இரண்டும் ஒன்றுபோல இல்லை.

"பாருங்கோ," என்றாள் கண்ணீருக்குள் சிரித்துக்கொண்டு. "ஒண்டுபோலை இல்லை!"

அன்று பின்னேரம் கதிரவேலு சுன்னாகத்துக்குப் போய், பின்பக்கமும் தெரியக் கண்ணாடி போட்ட சட்டம் ஒன்று செய்வித்துக்கொண்டு வந்தார். கடைக்காரன் லமினேற் பண்ணச் சொன்னானாம்; மெஷினில் கொடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாராம். வந்தவர் நேரே கதவடிக்குப் போனார். இடப்பெயர்வு முடிந்து இத்தனை வருஷமாகியும் திரும்பக் கட்டிய இந்த வீட்டிலும் கதவடி ஆணியில் கறுப்பு றெக்சின் பை தொங்கிக்கொண்டேயிருந்தது. அதைக் கழற்றி, விண்வெளி வீரர்களை அலுமாரியின் மேல்தட்டில் பத்திரமாக வைத்தார். ஆணியில் உதயகலாவைக் கொழுவினார்.

"சாமிப் படத்தோடை வைக்கேல்லையே?" என்றாள் மகாதேவி. "கதவடியிலை ஏன்?"

"திருப்பி ஓடச் சொன்னால்?"

"ஓடச் சொன்னால்?"

கதிரவேலு சட்டத்தை நேராக்கினார். கொஞ்சம் பின்னே தள்ளி நின்று பார்த்தார்.

"இனி இந்த ஆணியிலை ஒண்டுதான் தொங்கும், மகாதேவி. மழைக்குள்ளை தடவினாலும் பிழை வராது."